நூலில் ஆடிய படிகம்

குட்டீஸ், துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையைக் காந்தம் இழுக்குமா? இழுக்காது என்றுதானே சொல்வீர்கள்? ஆனால், அந்துருண்டை செய்யும் நாப்தலீனின் சிறு படிகத்தை மெல்லிய இழையில் கட்டி, வலிமையான காந்தத்தின் நடுவே தொங்கவிட்டால், அது மெல்லத் திரும்பி நிற்கும்!

இந்தத் திருப்பத்தைத் துல்லியமாக அளந்து புகழ் பெற்றவர், நம் தமிழகத்து விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன்.

1898 டிசம்பர் 4ஆம் தேதி, இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு கிறிஸ்தவக் கல்லூரியிலேயே வேலை பார்த்தார். மதிய உணவு இடைவேளையிலும் மாணவர்களின் சந்தேகங்களைத் தீர்த்து வைப்பார். வேறு கல்லூரி மாணவர்களும் அவரைத் தேடி வருவார்களாம்!

பின்னர் கல்கத்தா சென்று, சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். 1928இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது, உடனிருந்து சோதனைகள் செய்தவர் இவர்தான். 1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணன் சோர்ந்து உட்காரவில்லை. அதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, புதிய கேள்வி ஒன்றைக் கையில் எடுத்திருந்தார்.

படிகத்துக்குள் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். காந்தம் அவற்றை எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பாதிக்காது. அதனால்தான் படிகம் திரும்புகிறது. அந்த விசை மிக மிகச் சிறியது. அதைப் பொறுமையாக அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதைப் படிகத்தை உடைக்காமலே சொல்லி விடலாம். இதைச் செய்து காட்டினார் கிருஷ்ணன்.

1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1954இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1961 ஜூன் 14ஆம் தேதி மறைந்தார்.

எங்கள் கணியம்பாடி வயல்களில் கிடக்கும் வைக்கோலைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும். ஏன் தெரியுமா? வைக்கோல், பஞ்சு, மரம் எல்லாவற்றிலும் செல்லுலோஸ் இருக்கிறது. அதிலிருந்து, தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய நானோ படிகங்களை இன்று பிரித்தெடுக்கிறார்கள். அவற்றை நீரில் கலந்து, வலிமையான காந்தத்தின் நடுவே வைத்தால், எல்லாம் ஒரே சீராகத் திரும்பி நிற்கும். அப்படியே உலர விட்டால் மெல்லிய படலம் கிடைக்கும். அன்று நூலில் ஆடிய படிகத்தைத் திருப்பிய அதே விசைதான் இதையும் செய்கிறது!

பரிசு வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த கேள்வியைத் தேடிப் போங்கள், குட்டீஸ்!

- ஓய்வு பெற்ற ஆசிரியர், கணியம்பாடி.