கட்டியவரும் அவரே, கலைத்தவரும் அவரே!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

வென்றவர் வரலாற்றை உலகம் விரும்பிப் படிக்கும். தோற்றவர் வரலாற்றை எளிதில் மறந்துவிடும். ஆனால் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தின் வரலாற்றிலே ஒரு விந்தை மனிதர் உண்டு. உயர்நிலைப் போட்டிகளில் அணி மேலாளராக இருந்து மிகுதியான ஆட்டங்களில் வென்றவர் அவரே; மிகுதியான ஆட்டங்களில் தோற்றவரும் அவரே! வெற்றிகள் 3,731, தோல்விகள் 3,948. கணிதம் பயிலும் மாணவனாகிய என்னை முதலில் ஈர்த்தவை இந்த இரண்டு எண்கள்தாம். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 49 கூட வரவில்லை. இவரை எதற்காக ஒரு நாடே போற்றியது என்ற கேள்வியோடுதான் இவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அவர்தான் கானி மாக்.

பேஸ்பால் நம் நாட்டில் பரவாத ஆட்டம். அணிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை வீச, ஒருவர் மட்டையால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். நம் கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவு என்று கொள்ளலாம். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கொர்னீலியஸ் மெக்கிலிகட்டி என்பதே அவருடைய முழுப்பெயர். 1862ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்கு புரூக்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வறுமையின் காரணமாகச் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குச் சென்றார். பின்னர் படிப்பையும் நிறுத்திவிட்டுக் காலணித் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஆடிய ஆட்டமே அவருக்கு வாழ்வளித்தது. மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் பணி அவருடையது. 1886இல் வாஷிங்டன் அணியில் சேர்ந்து உயர்நிலை ஆட்டக்காரரானார்.

அந்நாளில் ஆட்டக்காரர்களின் நிலை என்ன தெரியுமா? ஒப்பந்தத்தில் தக்கவைப்பு விதி என்று ஒன்று இருந்தது. ஓர் அணியில் கையெழுத்திட்டவர், அந்த அணி விடுவித்தால் ஒழிய வேறு அணிக்குப் போக முடியாது. அணி விரும்பினால் அவரை விற்கலாம். அவர் விரும்பினால் விலக முடியாது. இதை எதிர்த்து ஆட்டக்காரர்களே ஒன்றுகூடி 1890இல் தனியாக ஒரு லீக் நடத்தினர். கானி மாக் அதில் சேர்ந்தார். சேர்ந்ததோடு நில்லாமல், தாம் சேமித்த 500 டாலரையும் பஃபலோ அணியில் முதலாகப் போட்டார். ஒரே ஆண்டில் அந்த லீக் கலைந்தது; பணமும் போயிற்று. வாசகர்கள் இந்த நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1901இல் அமெரிக்கன் லீக் உயர்நிலை லீக்காகத் தோன்றியபோது, பிலடெல்பியா நகரில் அத்லெட்டிக்ஸ் என்னும் அணியை உருவாக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மேலாளர் அவரே, உரிமையாளர்களில் ஒருவரும் அவரே. ஆனால் அந்நகரில் ஏற்கனவே ஃபில்லீஸ் என்ற பழைய அணி இருந்தது. நகரம் பெரிது, எனினும் வருமானம் இரண்டாகப் பிரிந்தது. மாக் துணிந்து அந்தப் பழைய அணியின் தலைசிறந்த வீரரான நாப் லஜோயைத் தம் பக்கம் இழுத்தார். மறு ஆண்டே மாநில உச்சநீதிமன்றம் குறுக்கிட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் லஜோய் வேறு அணிக்கு ஆடக் கூடாது என்றாயிற்று. அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பும்படி நேர்ந்தது. நட்சத்திர வீரரைக் கைநழுவவிட்ட முதல் அனுபவம் இதுவே.

விலைக்கு வாங்க இயலாதவர் வளர்த்தெடுக்கத்தானே வேண்டும்? மாக் கல்லூரிகளின் பக்கம் கண்ணைத் திருப்பினார். பேஸ்பால் முரடர்களின் ஆட்டம் என்று பலர் முகம் சுளித்த காலம் அது. எட்டி காலின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே வேறு பெயரில் வந்து ஆடினார். எட்டி பிளாங்க், ஜாக் கூம்ஸ், ஜாக் பேரி ஆகியோரும் கல்லூரி அணிகளிலிருந்து வந்தவர்களே. மாக் மற்ற மேலாளர்களைப் போல ஆட்ட உடை அணிவதில்லை. கோட்டும் கஞ்சியிட்ட காலரும் தொப்பியுமாக அமர்ந்து, கையிலுள்ள ஆட்டக் குறிப்பு அட்டையை அசைத்தே வீரர்களை இடம் மாற்றி நிறுத்துவார். அந்த இளைஞர்களைக் கொண்டு 1910 முதல் 1914 வரையிலான ஐந்தாண்டுகளில் நான்கு முறை லீக் பட்டமும், அவற்றுள் மூன்று முறை உலகத் தொடரும் வென்றார்.

அதன்பின் வந்தது சோதனை. 1914இல் ஃபெடரல் லீக் என்ற புதிய போட்டி லீக் தோன்றி, பெரும் சம்பளம் காட்டி வீரர்களை அழைத்தது. பிளாங்க்கும் சீஃப் பெண்டரும் அங்கே சென்றனர். வென்றுகொண்டே இருந்த அணிக்குக் கூட்டமும் குறைந்திருந்தது. சம்பளத்தை ஏற்றித் தர மாக்கிடம் பணமில்லை. எட்டி காலின்ஸை 50,000 டாலருக்குச் சிகாகோவிற்கு விற்றார். பேரியைப் பாஸ்டனுக்கு விற்றார். சம்பளத் தகராற்றில் ஓராண்டு ஆடாமலே இருந்த ஃபிராங்க் பேக்கரை நியூயார்க்கிற்கு விற்றார். விளைவு? 1914இல் 99 வெற்றிகள் பெற்ற அணி 1915இல் பெற்றது 43. 1916இலோ 36 வெற்றி, 117 தோல்வி! 1915 முதல் 1921 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து கடைசி இடம்.

வேறொருவராக இருந்தால் விலகியிருப்பார். மாக் மீண்டும் முதல் கல்லிலிருந்து கட்டத் தொடங்கினார். லெஃப்டி குரோவ் என்ற பந்து வீச்சாளரை 1924இல் பால்டிமோரிடமிருந்து 1,00,600 டாலர் கொடுத்து வாங்கினார். ஆல் சிம்மன்ஸும் மிக்கி காக்ரேனும் வந்தனர். ஜிம்மி ஃபாக்ஸ் வந்த கதை இன்னும் சுவையானது. தாம் விற்றுவிட்ட ஃபிராங்க் பேக்கர் ஈஸ்டன் என்ற சிற்றூர் அணியை நடத்தி வந்தார். அங்கிருந்துதான் இளைஞன் ஃபாக்ஸ் மாக்கிடம் வந்து சேர்ந்தான். 1929, 1930, 1931 மூன்றாண்டுகளும் லீக் பட்டம். முதல் இரண்டாண்டுகள் உலகத் தொடர் வெற்றி. 1929 தொடரின் நான்காம் ஆட்டத்தில் எட்டு ஓட்டம் பின்தங்கியிருந்த அணி, ஒரே சுற்றில் பத்து ஓட்டம் எடுத்து வென்றது இன்றும் பேசப்படும் சாதனை.

ஆனால் அதே 1929இல் அமெரிக்காவின் பொருளாதாரம் சரிந்தது. வேலை இழந்தவர்கள் டிக்கெட் வாங்குவது எப்படி? மேலும் பிலடெல்பியாவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. தொழிலாளிக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில் ஆட்ட அரங்கம் பூட்டிக் கிடந்தது. அத்தடை நீங்கியது 1934இல்தான். அதற்குள் 1932இல் சிம்மன்ஸும் இன்னும் இருவரும் 1,00,000 டாலருக்குச் சிகாகோ சென்றனர். 1933இல் காக்ரேன் டெட்ராய்ட்டுக்கும், குரோவும் வேறு இருவரும் பாஸ்டனுக்கும் சென்றனர். 1935இல் ஃபாக்ஸும் பாஸ்டனுக்கே விற்கப்பட்டார். பாஸ்டன் அணியின் சார்பில் அவர்களை வாங்கிய நிர்வாகி யார் தெரியுமா? 1914இல் மாக் விற்ற அதே எட்டி காலின்ஸ்! பேக்கரின் அணியிலிருந்து வந்த ஃபாக்ஸைக் காலின்ஸ் வாங்கிச் சென்றார். மாக் வளர்த்த இருவருக்கு இடையே அந்த வீரனின் பிலடெல்பியா வாழ்வு அடங்கிவிட்டது.

மாக் கருமியா, கணக்கறிந்தவரா? இரு தரப்பாரும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. தக்கவைப்பு விதியை எதிர்த்துச் சேமிப்பை எல்லாம் இழந்த அதே இளைஞர்தான், முதலாளியானதும் அந்த விதியாலேயே பிழைத்தார். காலின்ஸ் தாமாக விலக முடிந்திருந்தால் மாக்கிற்கு 50,000 டாலர் ஏது? எளிய அணிக்குக் கடைசிக் கையிருப்பாக இருந்தது அதன் வீரர்களின் அடிமைத்தனமே. கேட்கக் கசப்பாக இருந்தாலும் உண்மை அதுவே.

இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது. 1947இல் புரூக்ளின் அணி ஜாக்கி ராபின்சனைச் சேர்த்து நிறத்தடையை உடைத்தது. திறமை மிகுந்த கருப்பின வீரர்கள் பலர் வாய்ப்புக்காகக் காத்திருந்தனர். பணமில்லாத அத்லெட்டிக்ஸ் அல்லவா அவர்களை முதலில் அழைத்திருக்க வேண்டும்? மாக் மேலாளராக இருந்தவரை ஒருவரும் சேர்க்கப்படவில்லை. 1953இல்தான் முதல்வர் சேர்ந்தார். கல்லூரி வாசலில் திறமையைக் கண்ட கண்கள், நிறம் என்ற சுவருக்கு அப்பால் பார்க்கவில்லை.

மாக் 1950ஆம் ஆண்டோடு, தமது 87ஆம் வயதில் ஓய்வு பெற்றார். ஒரே அணிக்கு ஐம்பது ஆண்டுகள் மேலாளர்! கடன் முற்றி, 1954இல் குடும்பத்தார் அணியை விற்றனர். 1955இல் அது கான்சாஸ் நகரத்திற்குக் குடிபெயர்ந்தது. 1956 பிப்ரவரி 8ஆம் நாள் மாக் தமது 93ஆம் வயதில் பிலடெல்பியாவில் மறைந்தார். அணியின் அலைச்சலோ ஓயவில்லை. 1968இல் ஓக்லாந்து, 2025இல் சாக்ரமென்டோ. இடையே 1975இல் ஒரு நடுவர் தீர்ப்பால் தக்கவைப்பு விதியின் பிடி தளர்ந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் தாமே விலை பேசும் உரிமை பெற்றனர். முன்பு விற்று இழந்தவர்கள், இன்று விற்காமலும் இழக்கின்றனர்.

அப்படியானால் வீரர்களை மீண்டும் கட்டிப்போடலாமா? கூடாது என்பேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எங்கு நல்ல வேலை கிடைத்தாலும் போய்விட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் போகிறவனின் காலைக் கட்டுவது தீர்வாகாது. அவன் இருப்பதற்கு வழியுள்ள இடமாக ஊரை ஆக்குவதே தீர்வு. ஆட்டத்திற்கும் இதுவே பொருந்தும். பெரிய அணி தனியே ஆட முடியாது; எதிரே நிற்கச் சிறிய அணியும் வேண்டும். ஆகவே வருமானத்தில் ஒரு பங்கு அதற்கும் சேரவேண்டும். இன்று அமெரிக்காவில் ஓரளவு அவ்வாறு பகிர்கின்றனர். ஆயினும் ஏற்றத்தாழ்வு தீரவில்லை.

காலின்ஸ், பேக்கர், பிளாங்க், பெண்டர், குரோவ், சிம்மன்ஸ், காக்ரேன், ஃபாக்ஸ் – இந்த எண்மரும் பின்னாளில் கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். 1937இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாக்கும் அங்கே இருக்கிறார். சம்பளம் தர இயலாமல் ஒவ்வொருவராக அவரைவிட்டுப் பிரிந்தவர்கள், அந்த ஒரு கூரையின்கீழ் மட்டும் அவரோடு பிரியாமல் இருக்கின்றனர்.