மொரீஷியஸ் துறைமுகத்தை அமைத்த லாபூர்தொன்னே

1746-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி என்ற அளவிலேயே மஹே தெ லாபூர்தொன்னேயை நமது சரித்திரப் புத்தகங்கள் குறிப்பிடுகின்றன. ஆனந்தரங்கப் பிள்ளையின் தினக்குறிப்பைப் படித்தவர்கள் சற்று அதிகமாக அறிந்திருப்பார்கள். ஆயினும் அந்த யுத்தம் அவருடைய ஜீவியத்தில் ஓர் அத்தியாயமே. சமுத்திர மத்தியிலுள்ள ஒரு சிறு தீவில் கப்பலையும் வண்டியையும் கிடங்கையும் ஒன்றோடொன்று இணைத்து வைத்ததே அவருடைய பெருஞ் செயல் என்பது நமது அபிப்பிராயம்.

பிரான்ஸின் கடலோரப் பட்டணமாகிய ஸேன் மாலோவில் 1699-இல் பிறந்த அவர், பாலியத்திலேயே கப்பலேறியவர். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகத்தில் உயர்ந்து, 1735-இல் மொரீஷியஸுக்கும் அதன் அண்டைத் தீவான பூர்போனுக்கும் கவர்னராக வந்து சேர்ந்தார். பூர்போன் இன்று ரெயூனியன் எனப்படுகிறது. மொரீஷியஸை டச்சுக்காரர் 1710-இல் கைவிட்டுச் சென்றனர். 1715-இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடி, 'இல் தெ பிரான்ஸ்' என்று பெயரிட்டனர். புதுக் கவர்னர் வந்த காலத்தில் அங்கே காடே மிகுதி, குடியேறினவர்கள் சொற்பம்.

துறைமுகத்துக்கு எந்த இடம் தகுதி என்பதே முதற் கேள்வி. தென்கிழக்கில் பழைய துறை ஒன்று இருந்தது. அத்தீவில் வருஷத்தின் பெரும் பகுதி தென்கிழக்குக் காற்றே வீசும். ஆகையால் அத்துறைக்குள் பாய்க்கப்பல் நுழைவது சுலபம்; வெளியேறுவதோ பெரும் பிரயாசை. வடமேற்கிலுள்ள போர் லூயியில் மலைகள் காற்றைத் தடுத்து நின்றன. புறப்படும் கப்பலுக்குக் காற்றே துணை செய்தது. கப்பல் நுழையும் இடத்தை மட்டும் பார்த்துத் துறைமுகம் கட்டுவோர் உண்டு. கப்பல் எப்படித் திரும்பிப் போகும் என்று யோசித்தவர் இவர். போர் லூயியையே தலைநகராக்கி, இரு தீவுகளின் நிர்வாகத்தையும் அங்கே மாற்றினார்.

துறை மாத்திரம் இருந்து என்ன பயன்? அக்காலத்தில் இந்தியாவுக்குச் செல்லும் கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் கிடந்து, நோயாளிகளுடன் வந்து சேரும். அவற்றுக்கு வேண்டியவை நல்ல தண்ணீரும், உணவும், ஆஸ்பத்திரியும், பழுது பார்க்கும் இடமுமே. கிராண்ட் ரிவர் நதியிலிருந்து கால்வாய் அமைத்துக் குடிநீரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார். பண்டகசாலைகளும் ஆஸ்பத்திரியும் கப்பல் பட்டறையும் எழும்பின. உள்நாட்டில் பாரமெல்லாம் பெரும்பாலும் அடிமைகளின் தலையிலேயே சென்றது. காளைகளை நுகத்துக்குப் பழக்கி, வண்டிகள் செய்வித்து, பாதைகள் திறந்தார். பூர்போனில் நல்ல துறை கிடையாது. ஆனால் விளைச்சல் உண்டு. எனவே அதைக் களஞ்சியமாகவும் மொரீஷியஸைத் துறைமுகமாகவும் வகுத்தார். ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து ஆமைகள்கூட மாலுமிகளின் உணவுக்காகக் கப்பலேறி வந்தன. மரவள்ளிக் கிழங்கு அத்தீவில் பயிராகத் தொடங்கியதும் இவராலேயே.

இவ்வளவையும் செய்த கைகள் யாருடையவை என்பதை நாம் கேட்காமல் விட முடியாது. புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் அவர் தருவித்தார். மொரீஷியஸில் தமிழரின் ஆரம்பகாலச் சரித்திரத்தில் இவர்களுக்கும் இடம் உண்டு என்னலாம். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக உழைத்தவர்கள் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். அடிமை வியாபாரத்தில் லாபூர்தொன்னே தாமே ஈடுபட்டவர். காட்டுக்குள் தப்பியோடியவர்களை வேட்டையாட வேறு அடிமைகளையே ஆயுதம் கொடுத்து அனுப்பியவர். வண்டிகள் வந்தமையால் தலைச்சுமை சற்றுக் குறைந்திருக்கலாம், விலங்கு குறையவில்லை. அவருடைய சாமர்த்தியத்தைப் புகழ்வோர் இதை மறைத்தால் அது சரித்திரமாகாது.

தீவின் ஜீவன் கப்பலில் தொங்குகிறது என்பது 1744-இல் கொடுமையாக விளங்கியது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய சமயத்தில், ஆகஸ்டு மாதம், உணவுப் பொருள்களும் கரும்பாலை யந்திரங்களும் ஏற்றி வந்த 'ஸேன் ஜெரான்' என்ற கப்பல் வடகிழக்குக் கரையருகே பவளப் பாறையில் மோதி உடைந்தது. பிழைத்தவர் மிகச் சிலரே.

அவ்வருஷமே ஆங்கிலேயருடன் யுத்தம் மூண்டது. வர்த்தகக் கப்பல்களையே போர்க் கப்பல்களாக மாற்றி 1746-இல் புறப்பட்டார். மடகாஸ்கர் அருகே புயல் அவற்றைச் சிதைத்தது. அங்கேயே காட்டு மரத்தை வெட்டிப் பாய்மரம் செய்து, செப்பனிட்டு, சோழமண்டலக் கரையை அடைந்தார். நாகப்பட்டினத்துக்கு அருகில் ஆங்கிலக் கப்பற்படையுடன் பொருதார். பின்பு சென்னை வீழ்ந்தது. பணயத் தொகை பெற்றுக்கொண்டு பட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஆங்கிலேயருடன் அவர் செய்த ஒப்பந்தத்தைப் புதுச்சேரி கவர்னர் தூப்ளே ஏற்கவில்லை. இருவருக்கும் மூண்ட பகைமையின் நடுவே, அக்டோபர் புயல் கப்பல்கள் பலவற்றை விழுங்கிற்று.

தாய்நாடு திரும்பியவருக்குக் கிடைத்தது பாஸ்டில் சிறை. ஆங்கிலேயரிடம் லஞ்சம் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. 1748 முதல் 1751 வரை சிறையில் வாடினார். கைக்குட்டையில் காப்பிக் கசண்டைக் கொண்டு தமது நியாயத்தை எழுதினார் என்பர். நீதிமன்றம் குற்றமற்றவர் என விடுவித்தது, ஆரோக்கியம் திரும்பவில்லை. 1753 நவம்பரில் பாரிஸில் காலமானார். தூப்ளே தம் பதவியை இழந்து பிரான்ஸுக்குத் திரும்ப அழைக்கப்பட்டது அதற்கு மறு வருஷந்தான்.

1968-இல் சுதந்திரம் அடைந்த மொரீஷியஸின் தலைநகரும் பிரதான துறைமுகமும் இன்றும் போர் லூயியே. 1859-இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை துறைமுகத்துக்கு எதிரே நிற்கிறது. புதுச்சேரிக் கொத்தர்களின் பெயர்களை அங்கே எந்தக் கல்லும் தாங்கி நிற்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை.