கூண்டுக்குள் புகுந்த மின்சார மேதை

1791-ம் ஆண்டு, லண்டன் அருகே ஓர் ஏழைக் கொல்லர் வீட்டில் பிறந்தான் மைக்கேல் பாரடே. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. 14-வது வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பைண்டுக்கு வந்த புத்தகங்களையே படித்து அறிவை வளர்த்தான்.

1812-ல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டான். அவற்றை எழுதி, பைண்டு செய்து, அவருக்கே அனுப்பினான். மறு ஆண்டே டேவியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது!

1831-ல் பாரடே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ஒரு கம்பியில் ஓடும் மின்சாரம் மாறும்போது, தொடாமலே பக்கத்துக் கம்பியிலும் மின்சாரம் உண்டாகிறது.

வீட்டில் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்யும்போது "உர்ர்" என்று இரைச்சல் கேட்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். மின்சார வயரை ஒட்டி மைக் வயர் கிடந்தால் இரைச்சல் புகுந்துவிடும். தள்ளிப் போட்டால் குறையும்.

1836-ல் அவர் இன்னொரு அதிசயம் செய்தார். 12 அடி நீள, அகல, உயரமுள்ள மரக் கூண்டு கட்டி, அதை உலோகத்தால் போர்த்தினார். அதற்குப் பலமாக மின்னேற்றச் செய்து, தாமே உள்ளே புகுந்தார். வெளியே தீப்பொறி பறந்தது. உள்ளே மின்சாரத்தின் சுவடே இல்லை!

நல்ல மைக் வயருக்குள், பாட்டைக் கொண்டுபோகும் கம்பியைச் சுற்றி ஓர் உலோகப் பின்னல் இருக்கும். அதுவும் பாரடேயின் கூண்டுதான்!

"சர்" பட்டம் வேண்டாம் என்று மறுத்த அந்த மேதை, 1867-ல் காலமானார்.