அரை மணி போதும் என்ற அர்ச்சியசிஷ்டவர்



ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலுக்கு வந்ததும் நம்மில் பலர் முதலாவது பேசுவது எதைப்பற்றி? பிரசங்கத்தைப்பற்றித்தான். அதிலும் சுவாமியார் என்ன சொன்னார் என்பதைவிட எவ்வளவு நேரம் சொன்னார் என்பதே பெரிய பேச்சாகிவிடுகிறது. நீண்டுவிட்டால், வீட்டில் அடுப்பு வேலை கிடக்கிறது, மடியில் குழந்தை அழுகிறது, பஸ் போய்விடும் என்று முணுமுணுக்கிறோம். சுருக்கமாய் முடிந்துவிட்டாலோ, சுவாமியார் இன்று ஒன்றும் ஆயத்தம் செய்யாமல் வந்துவிட்டார் என்று குறை சொல்லுகிறோம். அப்படியானால் பிரசங்கம் எவ்வளவு நேரம் இருக்கவேண்டும்? நானூறு ஆண்டுகளுக்கு முன்னே இந்தக் கேள்விக்குத் தெளிவாய்ப் பதில் சொன்ன ஓர் அர்ச்சியசிஷ்டவர் இருக்கிறார். அவர் சொன்ன பதிலைவிட, அந்தப் பதிலுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதே நமக்கு அதிகப் பிரயோஜனமானது. அவர்தான் அர்ச். பிராஞ்சீஸ்கு சலேசியார்.

அவர் 1567-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி, ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலுள்ள சவோய் நாட்டில், தோரான் என்னும் ஊரின் சலேஸ் மாளிகையிலே பிறந்தார். தகப்பனார் போய்சி பிரபு பழைய போர்வீரர், மானம் மரியாதைக்கு அஞ்சியவர். மூத்த பிள்ளையைப் பெரிய நியாயாதிபதியாகப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகவே மகனைப் பாரீசுக்கும், பிறகு இத்தாலி நாட்டுப் பதுவாவுக்கும் அனுப்பிப் படிக்கவைத்தார். 1591-ல் மகன் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். வீட்டிலே உத்தியோகமும் தயார், பெண்ணும் தயார். ஆனால் மகனோ குருவாகப் போகிறேன் என்று தகப்பனாரிடம் உத்தரவு கேட்டார். கிழவர் கலங்கினார். கடைசியில் மனமில்லாமலே சம்மதித்தார். 1593-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி பிராஞ்சீஸ்கு குருப்பட்டம் பெற்றார்.

இப்போது நாம் கவனிக்கவேண்டிய சம்பவம் வருகிறது. புதுக்குருவானவர் அன்சி நகரில் ஓயாமல் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பெரிய திருநாள், சின்ன நாள் என்று பாராமல் பிரசங்க மணி அடிக்கும். யார் பிரசங்கம் என்று போய்சி பிரபு விசாரித்தால், உங்கள் மகன்தான் என்றே பதில் வரும். அவருக்கு இது பெரிய சங்கடமாயிற்று. ஒருநாள் மகனைத் தனியே அழைத்துக் கண்டித்தார். தம்முடைய காலத்திலே பிரசங்கம் எப்போதாவதுதான் நடக்கும், ஆனால் அது பிரசங்கமாக இருக்கும், லத்தீனும் கிரேக்கும் மழைபோல் பொழியும், ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும் என்றார். நீயோ பாமரரும் பிள்ளைகளும் புரிந்துகொள்ளும்படி சாதாரணமாய்ப் பேசுகிறாய், அடிக்கடியும் பேசுகிறாய், இப்படிச் செய்தால் தேவ வாக்கியத்தையும் உன்னையும் யார் மதிப்பார்கள் என்று வருந்தினார்.

பிரியமானவர்களே, அந்தத் தகப்பனாரைக் கெட்டவர் என்று நினைக்கவேண்டாம். மகன்மேலிருந்த பாசத்தினால்தான் அப்படிச் சொன்னார். பிரசங்கம் என்றால் கேட்கிறவர்கள் மலைத்துப்போகவேண்டும், நெடுநேரம் நடக்கவேண்டும், பாதி விளங்காமலிருக்கவேண்டும் என்பது அக்காலத்தில் பலருடைய எண்ணம். மகன் கோபிக்கவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. தகப்பனாரின் மனவருத்தத்தைப் பொறுமையாய் ஏற்றுக்கொண்டார். ஆனால் தம்முடைய வழக்கத்தை மாற்றவும் இல்லை. பிரசங்கி தம்முடைய மதிப்புக்காகப் பேசுகிறாரா, அல்லது கேட்கிறவனுடைய ஆத்துமத்துக்காகப் பேசுகிறாரா? தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த கேள்வி இதுதான்.

சீக்கிரத்திலேயே அவருடைய சொல்லுக்குக் கடுமையான சோதனை வந்தது. 1594-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஜெனீவா ஏரிக்குத் தெற்கே ஷாப்லே என்னும் நாட்டுக்கு, தம் உறவினர் லூயியோடு புறப்பட்டுப் போனார். அங்கே ஜனங்கள் கல்வீன் என்பவருடைய கொள்கையைத் தழுவி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. தகப்பனாருக்கு இந்தப் பயணத்தில் விருப்பமே இல்லை. இராத்தங்க அல்லேஞ்ச் என்னும் கோட்டை. அங்கிருந்து பனியிலும் மழையிலும் தோனோன் பட்டணத்துக்கு நடந்துபோய்ப் பிரசங்கம் செய்வார். கேட்க வந்தவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர் பேச்சைக் கேட்கப் போகக்கூடாது என்று பட்டணத்துப் பெரியவர்கள் தடுத்திருந்தார்கள். நாட்டின் மிகச் சிறந்த படிப்பாளி ஒருவர் காலியான பெஞ்சுகளுக்கு முன்னே நின்று பேசிக்கொண்டிருந்தார்!

வேறொருவராயிருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். அல்லது வந்த நாலு பேரைப் பிடித்துவைத்து நாலு மணி நேரம் பேசியிருப்பார். சலேசியார் என்ன செய்தார் தெரியுமா? ஜனங்கள் பிரசங்கத்தினிடம் வராவிட்டால், பிரசங்கம் ஜனங்களிடம் போகட்டும் என்று தீர்மானித்தார். சத்திய விசுவாசத்தைப்பற்றிச் சிறுசிறு தாள்களில் எழுதினார். அவற்றை வீடுகளின் கதவிடுக்கு வழியாய் உள்ளே தள்ளச் செய்தார். பகலில் கோவிலுக்கு வர அஞ்சினவர்கள் இரவில் விளக்கின் அருகே அந்தத் தாளை வாசித்தார்கள். எழுதும் இடமோ ஒரு தாள்தான். ஆகையால் வேண்டாத சொல்லை வெட்டவும், வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் அவர் பழகிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் இவ்விதம் உழைத்தார். 1598-ல் ஷாப்லே நாட்டு மக்களில் மிகுதியானவர்கள் திருச்சபைக்குத் திரும்பினார்கள். அவருடைய வாய்ப்பேச்சைவிட, உயிருக்கு ஆபத்தான இடத்தில் விடாமல் நடந்து வந்த அந்தக் கால்களே பெரிய பிரசங்கம் செய்தன என்று சொல்லலாம்.

1602-ம் ஆண்டில் அவர் ஜெனீவா மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். ஜெனீவாவுக்குள் போக இயலாததால் அன்சி நகரிலேயே தங்கினார். அதே ஆண்டுத் தபசுகாலத்தில் பாரீசில் பிரசங்கித்தபோது நாலாம் ஹென்றி அரசர் அவரைத் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள ஆசைப்பட்டார். அவரோ தம் ஏழை மேற்றிராசனத்தை விட்டுவர மறுத்துவிட்டார். 1604-ம் ஆண்டுத் தபசுகாலத்தில் திஜோன் நகரத்தார் அவரைப் பிரசங்கத்துக்கு அழைத்தார்கள். அங்கேதான் ஷாந்தால் சீமாட்டி என்னும் விதவையைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து 1610-ல் மினவுதல் சபை என்னும் கன்னியர் மடத்தை ஏற்படுத்தினார்கள். அந்தச் சீமாட்டியும் இன்று அர்ச்சியசிஷ்டவளாய் வணங்கப்படுகிறாள்.

அவளுடைய சகோதரர் அந்திரேயாஸ் பிரமியோ என்பவர் பூர்ஜ் நகருக்கு அதிமேற்றிராணியாராக நியமனம் பெற்றிருந்தார். வயதோ இளமை. பிரசங்கம் செய்ய அவருக்குப் பயம். ஆகவே சலேசியாரிடம் யோசனை கேட்டார். 1604-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சலேசியார் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பிரசங்கம் செய்வது எப்படி என்பதற்கு இன்றளவும் அந்தக் கடிதம் ஒரு சிறந்த வழிகாட்டியாய் இருக்கிறது. நேரத்தைப்பற்றி அதில் அவர் சொல்லுவது, பிரசங்கம் நீளமாயிருப்பதைவிடக் குறுகியிருப்பதே எப்போதும் நல்லது, அரை மணி நேரம் நடந்தால் அதைக் குறைவென்று யாரும் சொல்ல இடமில்லை என்பதாகும். மணிக்கணக்காய்ப் பேசுவது அபூர்வமில்லாத அந்தக் காலத்தில் அரை மணி என்பது மிகவும் சுருக்கம்.

ஆனால், பிரியமானவர்களே, அந்த வரிகளில் நம்மைத் தொடவேண்டியது வேறொன்று. இந்த விஷயத்தில் இதுவரை தாமே குற்றவாளி என்றும், இனித் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அதே இடத்தில் எழுதுகிறார். தேசமெல்லாம் புகழும் பிரசங்கி, அரசருக்கு முன்னே பேசின மேற்றிராணியார், தம்மிடம் யோசனை கேட்ட ஓர் இளைஞருக்கு முன்பாகத் தம்முடைய குறையை ஒப்புக்கொள்ளுகிறார்! நம் வீட்டில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது, நானும் இதில் தவறினேன் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

சுருங்கப் பேசவேண்டிய காரணத்தையும் அவர் தம் நண்பராகிய பெல்லே மேற்றிராணியார் காமு என்பவரிடம் உவமைகளால் விளக்குவார். விளக்கில் எண்ணெய் மிஞ்சினால் திரி அணைந்துபோகும். செடிக்கு நீர் மிஞ்சினால் அது கெட்டுப்போகும். அப்படியே கேட்கிறவனுடைய ஞாபகத்தின்மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனால், முன்னே சொன்ன நல்லதும் பின்னே சொன்னதால் அடித்துக்கொண்டு போகப்படும் என்பது அவர் கருத்து. வயலுக்கு அளவாய்த் தண்ணீர் பாய்ச்சத் தெரிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இந்தக் காமு மேற்றிராணியார் 1609-ல் சலேசியார் கையாலேயே அபிஷேகம் பெற்றவர். இயற்கையில் துடிப்பானவர், வேகமாய்ப் பேசுகிறவர். சலேசியாரோ நிறுத்தி நிதானமாய்ப் பேசுவார். குருவின்மேலிருந்த பக்தியால் சீஷரும் அவரைப்போலவே மெதுவாய்ப் பேசவும் கையசைக்கவும் தொடங்கினார். மயிலைப் பார்த்து வான்கோழி ஆடின கதையாயிற்று. கேட்கிறவர்களுக்குச் சலிப்பு உண்டானது. சலேசியார் இதைக் கேள்விப்பட்டு, வேடிக்கையாகவே பேசி நண்பருடைய தவற்றை உணர்த்தினார். காமுவும் தம்முடைய சொந்த நடைக்குத் திரும்பினார். இந்தச் செய்தியைக் காமுவே வெட்கமின்றி எழுதிவைத்திருக்கிறார். ஆகையால், பங்கு மக்களே, ஒரு சுவாமியாரை இன்னொரு சுவாமியாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நாமும் விட்டுவிடுவோமாக. சர்வேசுரன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரலைக் கொடுத்திருக்கிறார்.

சுருக்கமாய்ப் பேசவேண்டும் என்பது சலேசியார் புதிதாய்க் கண்டுபிடித்ததல்ல. எந்த அர்ச்சியசிஷ்டவருடைய பெயரை ஞானஸ்நானத்தில் பெற்றாரோ, அந்த ஐந்துகாய பிராஞ்சீஸ்கு 1223-ம் ஆண்டில் தம் சபையாருக்குக் கொடுத்த ஒழுங்கிலே, பிரசங்கங்கள் குறுகியிருக்கவேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறார். திரிதெந்தீன் பொதுச்சங்கமும் 1546-ல் பங்குக் குருக்கள் ஞாயிறுகளிலும் கடன்திருநாட்களிலும் சுருக்கமாயும் எளிதாயும் மக்களுக்குப் போதிக்கவேண்டும் என்று விதித்தது. நம் காலத்திலே 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சிஸ் பாப்பரசர், பூசைப் பிரசங்கம் 8 நிமிஷத்துக்கு மேல் போகவேண்டாம், போனால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்று குருக்களுக்குப் புத்தி சொன்னார். அளவு காலத்துக்குக் காலம் மாறுகிறது. கேட்கிறவன்மேல் இரக்கம் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

அந்த இரக்கம் சலேசியாரிடம் எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி சொல்லுகிறோம். 1605-ம் ஆண்டில் லா ரோஷ் என்னும் ஊரில் மார்த்தீன் என்ற வாலிபனைக் கண்டார். அவன் பிறவிச் செவிடு, ஊமை. அவனுக்கு எந்தப் பிரசங்கம் நீளம், எந்தப் பிரசங்கம் குறுக்கம்? எதுவும் அவன் காதில் விழப்போவதில்லை. இவனுக்கு ஞானோபதேசம் கற்பிக்க முடியாது என்று சொல்ல வேறு யாருக்கும் மனம் வந்திருக்கும். மேற்றிராணியாரோ அவனைத் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டு, கைச் சைகைகளாலே தாமே சிறிது சிறிதாய்ப் போதித்தார். அவன் வேத சத்தியங்களை அறிந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, திவ்விய நற்கருணையும் உட்கொண்டான். இதனால்தான் காது கேளாதவர்கள் இன்றும் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள். ஆயிரம் பேருக்கு அரை மணியில் முடித்தவர், ஒருவனுக்கு நாட்கணக்காய் நேரம் செலவிட்டார். பிரசங்கத்தின் நீளத்தைக் கடிகாரம் அளக்கவில்லை, அன்பு அளந்தது என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

1622-ம் ஆண்டுக் கிறிஸ்மஸ் காலத்தில் அவர் லியோன் நகரத்தில், கன்னியர் மடத்துத் தோட்டக்காரனுடைய சிறு வீட்டில் தங்கியிருந்தார். உடல் தளர்ந்திருந்தது. கடைசி நாட்களில் மடத்துக் கன்னியர் தங்களுக்கு ஒரு புத்திமதி வேண்டும் என்று கெஞ்சினார்கள். அவர் ஒரு தாளை வாங்கித் தாழ்ச்சி என்கிற ஒரே சொல்லை எழுதிக் கொடுத்தார் என்று அவருடைய சரித்திரம் சொல்லுகிறது. டிசம்பர் 28-ந் தேதி, 55-ம் வயதில், அவர் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். 1665-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டமும், 1877-ல் வேதபாரகர் பட்டமும் அளிக்கப்பட்டன. 1923-ல் 11-ம் பத்திநாதர் பாப்பரசர் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்கும் பத்திரிகைக்காரருக்கும் அவரைப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். தோனோன் வீட்டுக் கதவிடுக்கில் நுழைந்த தாளின் வம்சத்தைச் சேர்ந்ததே நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தச் சிறு பங்குத்தாளும். ஜனவரி 24-ந் தேதி அவருடைய திருநாள்.

நிற்க. பிரசங்கம் சுருங்கவேண்டும் என்று குருக்களுக்கு அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாம் சந்தோஷப்பட்டால் மட்டும் போதாது. பிரசங்கத்தைக் கேட்டவர்கள் பிரசங்கியைப் புகழ்ந்துகொண்டு போவதில் அவருக்கு மகிழ்ச்சியில்லை. தங்கள் குறையை உணர்ந்து, திருந்தவேண்டும் என்று மௌனமாய் வீடு திரும்பினால்தான் அது நல்ல பிரசங்கம் என்று அவர் எண்ணினார். பிரசங்கம் குறுகக் குறுக, மிச்சவேலை நம்முடையதாகிறது. பத்து நிமிஷத்தில் சொல்லப்பட்டதை ஆறு நாள் நடந்து காட்டவேண்டியது குடும்பம்தான்.

ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்து பாருங்கள். கோவிலில் கடிகாரத்தைப் பாராதிருங்கள். மத்தியான உணவுக்கு உட்காரும்போது, தகப்பனார் முதல் சின்னப் பிள்ளை வரை ஒவ்வொருவரும் பிரசங்கத்தில் தம் மனதில் பட்ட ஒரே ஒரு காரியத்தைச் சொல்லட்டும். அந்த வாரத்தில் செய்யவேண்டிய ஒன்றைச் சேர்ந்து தீர்மானியுங்கள். யாருக்கும் ஒன்றும் ஞாபகமில்லையென்றால், குறை சுவாமியாருடைய நீளத்திலா, நம்முடைய செவியிலா என்று தாழ்ச்சியோடு யோசிப்போம். அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுத்துப் போன அர்ச். பிராஞ்சீஸ்கு சலேசியார், பேசுகிற குருக்களுக்காகவும் கேட்கிற நமக்காகவும் ஆண்டவரை மன்றாடுவாராக.