மேடையில் மன்னரை வாழவைத்தவர்

சென்னையிலிருந்து கடலோரச் சாலையில் வருவோர் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகின்றனர். அங்கிருந்து தெற்கே, நகரை ஒட்டிய கருவடிக்குப்பத்தில் ஒரு நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 13ஆம் நாள் நாடகக் கலைஞர்கள் அங்குத் திரண்டு சங்கரதாஸ் சுவாமிகளை வணங்குகின்றனர்.

தூத்துக்குடி வட்டாரத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சுவாமிகள், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்பளத்தில் சிலகாலம் கணக்கெழுதினார். 24ஆம் வயதில் நாடகத்துறை புகுந்தார். எமன், சனீஸ்வரன், இராவணன் வேடங்களில் அவரைக் கண்டோர் நடுங்கினர். அவர் எமனாகத் தோன்றிய ஓர் இரவில், அவையிலிருந்த பெண்ணொருத்திக்கு அச்சத்தால் கரு கலைந்தது என்பர். அது அவர் நெஞ்சை வருத்தியது. நடிப்பைத் துறந்து, எழுதவும் பயிற்றவும் முற்பட்டார்.

புராணக் கதைகளையே மிகுதியாக எழுதிய சுவாமிகள், ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ நாடகத்தையும் தமிழ் மேடைக்கு ஆக்கித் தந்தார். பண்டைப் பிரித்தானிய மன்னன் சிம்பலின் உரோமுக்குத் திறை செலுத்த மறுக்கிறான்; போர் மூள்கிறது. குழந்தைப் பருவத்தில் கவர்ந்து செல்லப்பட்டு மலைக்குகையில் வளர்ந்த அவன் மைந்தர் இருவர், தாம் யாரென அறியாமலே களம் புகுந்து தந்தையை மீட்கின்றனர். இக்கதை தமிழ் அவைக்கு அயலானதன்று. காட்டில் வளர்ந்த மைந்தர் தந்தையின் படையையே எதிர்த்து நிற்கும் ‘இலவகுசா’வையும் சுவாமிகள் எழுதியுள்ளார். ஒன்றில் தந்தைக்காகப் போர். மற்றொன்றில் தந்தையோடு போர். அரசன் ஆராயாது செய்த பிழையைப் பிள்ளைகள் சுமப்பது இரண்டுக்கும் பொது.

அக்கால நடிகர் பலர் எழுதிய உரையை மதியாது மேடையில் மனம்போனபடி பேசினர். சிறுவரை முறையாகப் பயிற்றுவதே இதற்கு மருந்து எனச் சுவாமிகள் கண்டார். மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்றவர் அங்குச் சேர்ந்த சிறுவருள் ஒருவர். அச்சிறுவன் நடிப்பதற்கென்றே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார்.

எழுதிய கையையும் பாடிய நாவையும் பின்னர்ப் பக்கவாதம் முடக்கியது. மணம் புரியாத அவருக்கு மாணவரே மக்களாயினர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 1922 நவம்பர் 13இல் அவர் மறைந்தார். அவருடைய நாடகங்களுள் பல இன்று கிடைக்கவில்லை. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்றவை தென்மாவட்டத் திருவிழா இரவுகளில் இன்றும் விடியவிடிய நடைபெறுகின்றன.