டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

திருவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்திற்குச் செல்லும் பெருவழியின் இருமருங்கும் கண்மாய்களும் வயல்களும் சிற்றூர்களும் உள்ளன. இவ்வூர்களில் இன்று கருவுற்ற பெண், கிராம சுகாதார செவிலியரிடம் தன் பெயரைப் பதிந்துகொள்கிறாள். நோவு கண்டதும் 108 வண்டியில் ஆஸ்பத்திரிக்குச் செல்கிறாள். நம் பாட்டியர் காலத்தில் நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. வீட்டின் இருண்ட மூலையே பேற்றறை. மருத்துவச்சியின் கைப்பழக்கமே துணை. பேறு இயல்பாய் நடந்தால் அதுவே போதும். குழந்தை குறுக்கே கிடந்தாலும், உதிரம் நில்லாது பெருகினாலும், வலிப்புக் கண்டாலும் அவளால் செய்யத்தக்கது மிகச் சிறிதே. தூய்மையற்ற கருவியால் தொப்புட்கொடி அறுக்கப்பட்டதனால் ஜன்னி கண்டு மாண்ட குழந்தைகளும் பல.

அந்நிலை தானே மாறிவிடவில்லை. அதனை மாற்ற உழைத்தோருள் தலையாய ஒருவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் பணியாற்றியது நம் வட்டாரத்தில் அன்று, வட ஆற்காட்டில். ஆயினும் அவர் காட்டிய வழி நம் சிற்றூர்களுக்கும் உரியதேயாகும்.

அம்மையார் 1870-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவினின்று புறப்பட்டு யாழ்ப்பாணத்திலும் பின்னர்ச் சென்னையிலும் வைத்தியம் செய்தவர். தந்தையாரும் வைத்தியரே. ஆயினும் சிறுமி ஐடாவுக்கு அத்தொழிலில் நாட்டமில்லை. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பசித்த குழந்தைகளைக் கண்ட அவர் உள்ளம், இந்நாட்டை விட்டு விலகியிருக்கவே விழைந்தது. அமெரிக்காவில் கல்வி பயின்றபின், நோயுற்ற தாயாருக்குத் துணையாகச் சிறிது காலம் தங்கும் எண்ணத்துடனேயே 1890-ல் திண்டிவனம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஓர் இரவு அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றியது. ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆடவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்று நோவில் தவித்துக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். தாம் வைத்தியம் கற்றவரல்லர் என்றும், தந்தையார் வந்து உதவுவார் என்றும் அவர் கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுதல் தகாது என்று மறுத்து மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது சாப்பறை ஒலித்தது. அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். பக்கத்திலேயே வைத்தியர் இருந்தார். பெண் வைத்தியர் இல்லாமையே அவ்வுயிர்களைக் கொண்டது. அன்றே தாம் வைத்தியம் கற்பதென ஐடா உறுதி பூண்டார்.

அமெரிக்கா திரும்பி, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களில் தந்தையார் காலமானார். துணையிழந்த இளம் வைத்தியர், பங்களாவின் சிறிய அறையொன்றில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஷெல் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு எழுந்த பெண்கள் ஆஸ்பத்திரி 1902-ல் திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரி எழுந்தும் அம்மையாருக்கு மனநிறைவு உண்டாகவில்லை. நடக்க மாட்டாத சூலியும் பாலுண்ணும் குழந்தையும் பல கல் தொலைவு கடந்து வருவதெங்ஙனம்? ஆகவே அவரே புறப்பட்டார். குடியாத்தம் செல்லும் வழியில், குறித்த நாளில் குறித்த மரத்தடியில் வண்டியை நிறுத்துவார். அங்குக் காத்திருப்போர்க்குப் புண் கழுவி மருந்தளிப்பார். மாட்டுவண்டியில் தொடங்கிய இப்பணிக்குப் பின்னர் மோட்டார் வண்டி ஒன்றும் வந்தது. சாலையோர வைத்தியம் என்னும் முறை இங்ஙனம் வேரூன்றியது.

ஒருவர் எத்தனை மரத்தடிக்குச் செல்ல இயலும்? இந்நாட்டுப் பெண்களே இத்தொழிலைக் கற்கவேண்டும் என்று அவர் தெளிந்தார். 1909-ல் தாதியர் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. பெண்கள் வைத்தியம் படிக்க முன்வருவார்களா என ஐயுற்றோர் பலர். மாணவியரோ திரளாக விண்ணப்பித்ததுடன், தேர்விலும் சிறந்து விளங்கி அவ்வையத்தைப் போக்கினர்.

பெருஞ்சோதனை 1938-ல் வந்தது. வைத்தியக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாகவே இருத்தல் வேண்டும் எனச் சென்னை அரசாங்கம் விதித்தது. அதற்கேற்ற கட்டடங்களும் ஆசிரியர்களும் வேலூரில் இல்லை, பொருளும் இல்லை. எழுபதாம் வயதில் அம்மையார் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். ஆடவரையும் சேர்த்தால் பலருடைய ஆதரவு கிட்டும். ஆனால் பெண்களுக்கென்றே நெடுங்காலம் பொருளுதவிய நண்பர் சிலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பெண்களுக்கென்றே நிறுவிய கல்விக்கூடத்தை ஆடவர்க்கும் திறத்தல் அம்மையாருக்கு எளிதாய் இருந்திருக்குமோ? ஆயினும் பள்ளி மூடப்படின் இழப்பு தாய்மார்க்கே என்பதை உணர்ந்து இசைந்தார். 1942-ல் பட்ட வகுப்புத் தொடங்கியது. 1947-ல் ஆடவரும் சேர்ந்தனர். பேற்று வைத்தியத்தில் வல்லுநரான டாக்டர் ஹில்டா லாசரஸ், அந்நிறுவனத்திற்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் ஆனார். அம்மையார் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வாழ்ந்து, 1960-ம் ஆண்டு மே மாதத்தில் உயிர் நீத்தார்.

அவ்வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? தாயையும் சேயையும் காக்க மருந்தும் கட்டடமும் மட்டும் போதா. அவர்கள் கூசாது நாடத்தக்க ஒருவர், அவர்கள் இருக்கும் இடத்திற்கே செல்லல் வேண்டும். இன்று நம் சிற்றூர்களில் வீடு வீடாகச் செல்லும் செவிலியர் செய்வது அப்பணியே. மாணவ நண்பர்களே! மாணவியரே! பட்டம் பெற்றபின் நகரங்கள் உங்களை அழைக்கும். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், நள்ளிரவில், யாரேனும் வந்து கதவைத் தட்டுவதும் உங்கள் செவியில் விழுக.