கடலுக்குள் வானத்தைத் தேடியவர்



விண்மீன்களைக் கண்டு வியப்போர் பலர். கடலின் ஆழத்தை எண்ணி அஞ்சுவோரும் பலர். ஆனால் விண்வெளி எப்படியிருக்கும் என்பதை உணர்ந்து பார்க்கக் கடலுக்குள் இறங்கியவர் ஒருவர் உண்டு. அவரே உலகப் புகழ் பெற்ற அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இன்று இப்பள்ளியில் பயிலும் நீங்கள் பிறப்பதற்கு முன்பே, 2008 ஆம் ஆண்டில், அவர் மறைந்துவிட்டார். எனினும் விண்ணில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு செய்தியோ படமோ நம் இல்லம் வந்து சேரும்போதெல்லாம், அவருடைய சிந்தனையின் பயனை நாம் நுகர்கிறோம். நமக்கு மிக அண்மையில், இலங்கையில், அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த அப்பெருமகனின் வாழ்வில் நாம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

இளமைப் பருவம்

ஆர்தர் கிளார்க் 1917 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். நான்கு குழந்தைகளுள் இவரே மூத்தவர். தந்தையார் முதல் உலகப் போரில் பணியாற்றியவர். பின்னர் குடும்பம் பண்ணைத் தொழிலில் ஈடுபட்டது. ஒருநாள் தந்தையார் தொல்பழங்கால விலங்கான டைனோசரின் படம் பொறித்த சிறு அட்டை ஒன்றைச் சிறுவனிடம் கொடுத்தார். அச்சிறு அட்டை அவன் உள்ளத்தில் அறிவியல் வேட்கையை விதைத்தது. கல்லாகிப் போன பழங்கால உயிர்களின் எச்சங்களைத் தேடிச் சேர்த்தான். தானே தொலைநோக்கி செய்து நிலவின் மேடுபள்ளங்களை வரைந்தான்.

1931 ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். அப்போது ஆர்தருக்கு வயது 13. பண்ணையின் பொறுப்பும் நான்கு குழந்தைகளை வளர்க்கும் சுமையும் தாயார் நோராவின் தோள்களில் விழுந்தன. பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கியும், பொருள் இல்லாமையால் ஆர்தர் அப்போது பல்கலைக்கழகம் செல்ல இயலவில்லை. 1936 இல் லண்டன் சென்று அரசின் தணிக்கைத் துறையில் எழுத்தர் பணி ஏற்றார். பகலில் கணக்குகளைச் சரிபார்த்தார்; மாலையில் விண்வெளிப் பயணம் பற்றிப் படித்தார்; எழுதினார்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் சேர்ந்து ராடார் பிரிவில் பணியாற்றினார். 1945 ஆம் ஆண்டு அக்டோபரில் வானொலிப் பொறியியல் இதழ் ஒன்றில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும். ஆகவே தரையிலிருந்து பார்க்க ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். அத்தகைய மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்பதே அதன் கருத்து. அக்காலத்தில் பலர் இதைக் கற்பனை என்றே கருதினர். ஆனால் 1964 ஆம் ஆண்டில் சின்காம் 3 என்னும் செயற்கைக்கோள் அவ்விடத்தில் நிறுத்தப்பட்டுக் கனவு நனவாயிற்று.

போர் முடிந்தபின் கிளார்க் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1948 இல் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார். இளமையில் அடைபட்ட கதவை முப்பது வயதில் தாமே திறந்துகொண்டார்.

கடல் அழைத்தது

வானத்தைப் பற்றியே எழுதி வந்தவர் கடலை நாடியது ஏன்? விண்வெளியில் செல்பவருக்கு உடல் எடை தோன்றுவதில்லை. மேல், கீழ் என்ற வேறுபாடும் இல்லை. 1950 களின் தொடக்கத்தில் மனிதன் எவனும் விண்வெளிக்குச் சென்றதில்லை. தம் வாழ்நாளில் தாம் அங்குச் செல்ல முடியாது என்பதையும் கிளார்க் உணர்ந்திருந்தார். ஆனால் நீருக்குள் மூழ்கி, மிதக்காமலும் அமிழாமலும் நிலைபெறும்போது ஏறக்குறைய அதே உணர்வு கிடைக்கும் என்று அவர் கண்டார். பின்னாளில் விண்வெளி வீரர்களுக்கு மிகப் பெரிய நீர்த்தொட்டிகளுக்குள் பயிற்சி அளிக்கப்படுவது இதே காரணத்தால்தான்.

முத்துக்குளிப்பு நமக்குப் புதியதன்று. புனித சவேரியார் 1542 இல் வந்து தொண்டாற்றிய முத்துக்குளித்துறைப் பரதவர்கள், காலில் கல்லைக் கட்டி, கயிற்றைப் பற்றி, ஒரே மூச்சில் ஆழத்திற்குச் சென்று சிப்பி எடுத்தவர்கள். அவர்களுடைய நேரம் அவர்களுடைய மூச்சின் அளவே. 1943 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான கூஸ்தோவும் காஞ்ஞானும் அமைத்த மூச்சுக் கருவி அந்த எல்லையை நீக்கியது. முதுகில் கட்டிய உருளைக்குள் அழுத்தி அடைக்கப்பட்ட காற்று இருக்கும். மூழ்குபவர் இருக்கும் ஆழத்தில் நீரின் அழுத்தம் எவ்வளவோ, அதே அழுத்தத்தில் அக்கருவி காற்றை அளிக்கும். இதையே இன்று ஸ்கூபா என்கிறோம்.

நீரின் அழுத்தம் எத்தகையது என்பதை நெய்வேலியில் வாழும் நமக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டுவதால், இரவு பகலாக அந்நீரை இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். கடலிலும் அப்படியே. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆழத்தில் நெடுநேரம் இருந்தவர் விரைந்து மேலே வந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே பொறுமையும் ஒழுங்கும் இல்லாதவருக்குக் கடலடியில் இடமில்லை.

1954 ஆம் ஆண்டு டிசம்பரில் கிளார்க் கப்பலேறி ஆஸ்திரேலியா புறப்பட்டார். வழியில் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் சில மணி நேரம் நின்றது. அங்கு ரோட்னி ஜோங்க்லாஸ் என்ற தேர்ந்த முக்குளிப்பாளரைச் சந்தித்தார். இலங்கைக் கடலின் அழகை அவர் எடுத்துரைத்தது கிளார்க்கின் நெஞ்சில் தங்கிவிட்டது. 1955 இல் தம் நண்பர் மைக் வில்சனுடன் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டில் மூழ்கி ஆராய்ந்து, அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1956 இல் இலங்கைக்கே குடிபெயர்ந்தார்.

திருகோணமலையில் கண்டது

அவ்வாண்டே இருவரும் திருகோணமலையில் மூழ்கினர். திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் அங்கே கடலோரச் செங்குத்துப் பாறையின் மேல் நின்றது. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கீசியர் அதை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பாறையின் அடியில் கடலுக்குள் இறங்கிய கிளார்க்கும் வில்சனும் செதுக்கு வேலைப்பாடு கொண்ட தூண்களையும் கற்களையும் கண்டனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மீன்களும் பாசியும் குடியிருந்த கற்கள் அவை. 1957 இல் வெளிவந்த கிளார்க்கின் நூல் இச்செய்தியை உலகறியச் செய்தது. கடலிலிருந்து வில்சன் எடுத்த சிவலிங்கம் பின்னர்க் கோயிலில் வைக்கப்பட்டது. மண்ணுக்குள் மட்டுமன்றிக் கடலுக்குள்ளும் வரலாறு புதைந்துள்ளது என்பதைத் தமிழருக்கு உணர்த்திய நிகழ்ச்சி இது.

சோதனையும் துணிவும்

1961 மார்ச்சில் வில்சன் வேறொரு புதையலைக் கண்டார். இலங்கையின் தென்கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பாறைத் திட்டு உள்ளது. ஆங்கிலேயர் அதைக் கிரேட் பாஸஸ் என்பர்; சிங்கள மக்கள் பெரிய இராவணன் கோட்டை என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். 1873 முதல் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் எரிந்து வருகிறது. அத்திட்டின் அருகே மூழ்கிக் கிடந்த கப்பலில் பீரங்கிகளும் வெள்ளிக் காசுகளும் இருந்தன.

அடுத்த ஆண்டு அங்குச் செல்லக் கிளார்க் எண்ணியிருந்த வேளையில் பெருந்துன்பம் வந்தது. 1962 இன் தொடக்கத்தில் அவருடைய கைகால்கள் செயலிழந்தன. தலையில் பட்ட அடியால் முதுகெலும்பு பாதிக்கப்பட்டது என்று முதலில் எண்ணினர். அது இளம்பிள்ளை வாதம் என்பது பின்னரே தெரிந்தது. பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். இனிக் கடலில் இறங்குவது இயலாது என்றே தோன்றியது. அந்நிலையிலும் அவர் மனம் சோர்ந்து கிடக்கவில்லை. பவளத் திட்டையும் டால்பின்களையும் பற்றிச் சிறுவர்களுக்காக ஒரு புதினம் எழுதினார். கடலிடம் விடைபெறுவதாக எண்ணியே அதை எழுதினார். ஆனால் கடல் அவருக்கு விடை கொடுக்கவில்லை!

1963 ஆம் ஆண்டு ஏப்ரலில், உடல் முழுதும் தேறாத நிலையிலேயே, கிரேட் பாஸஸ் பயணத்தில் அவர் பங்கு கொண்டார். வில்சனும், ஜோங்க்லாஸும், கடலடித் தொல்லியல் முன்னோடிகளுள் ஒருவரான பீட்டர் த்ராக்மார்ட்டனும் உடன் சென்றனர். இக்காலத்தில் மாலத்தீவு போன்ற வெப்பக் கடல்களில், வசதியான கப்பலிலேயே ஒரு வாரம் தங்கி, நாள்தோறும் மூன்று நான்கு முறை மூழ்கி மகிழும் சுற்றுலாக்கள் உள்ளன. இவர்களுக்கோ கிடைத்தது ரன் முத்து என்ற சிறு விசைப்படகு. பொன் முத்து என்பது அதன் பொருள். அத்திட்டில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் சீறிப் பாயும். இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் மட்டுமே மூழ்க முடியும்.

கிடைத்த காசுகள் ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள். சூரத்தில் அச்சிடப்பட்டவை. யாவும் ஹிஜ்ரி 1113 ஆம் ஆண்டைக் காட்டின, அது கி.பி. 1701-1702 ஆகும். ஆயிரம் ஆயிரமாகப் பைகளில் கட்டியிருந்த காசுகள், பைகள் மட்கிய பின்னும் பையின் வடிவிலேயே ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. எல்லாம் ஒரே ஆண்டைச் சேர்ந்த புதுக் காசுகளாக இருந்ததால், அவை அச்சிடப்பட்ட சிறிது காலத்திற்குள் கப்பல் மூழ்கியிருக்க வேண்டும் என்று உய்த்துணர முடிந்தது. வெள்ளியின் விலையைவிட இந்த அறிவே கிளார்க்குக்குப் பெரிதாகத் தோன்றியது. 1964 இல் அப்பயணத்தை ஒரு நூலாக்கினார்.

பிற்கால வாழ்வு

1968 இல் ஸ்டான்லி குப்ரிக்குடன் இணைந்து அவர் உருவாக்கிய 2001 என்னும் விண்வெளிக் கதை திரைப்படமாகி உலகை வியக்க வைத்தது. ஒடிசாவைச் சேர்ந்த பிஜு பட்நாயக்கின் கொடையால் யுனெஸ்கோ வழங்கும் கலிங்கா பரிசு 1961 ஆம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. 1975 இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி காட்டியபோது, நம் விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர் கொழும்பில் அவர் இல்லத்திலும் ஓர் அலைவாங்கியை அமைத்தனர். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதிய கனவு தம் வீட்டிலேயே படமாக விரிவதை அவர் கண்டார். 1979 முதல் 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார்.

1988 இல், பழைய நோயின் பின்விளைவே தம்மை மீண்டும் வாட்டுகிறது என்பதை மருத்துவர் வழி அறிந்தார். வரவரச் சக்கர நாற்காலியே துணையாயிற்று. ஆயினும் நடக்க இயலாத அவர் மூழ்குவதை விடவில்லை. தரையில் பிறர் கையை எதிர்பார்த்த உடல், நீருக்குள் எவர் துணையுமின்றி இயங்கியது. எடையற்ற நிலையை அறிவுக்காகத் தேடிச் சென்றார். அதுவே முதுமையில் அவருக்கு விடுதலையாக அமைந்தது.

2004 டிசம்பர் 26 அன்று நம் கடலூர்க் கரையை அழித்த ஆழிப்பேரலை, இக்கடுவையில் அவர் நடத்தி வந்த முக்குளிப்புப் பள்ளியையும் அழித்தது. கடல் கொடுப்பதும் எடுப்பதும் அவர் அறியாதது அன்று. 2008 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள், 90 ஆம் வயதில், கொழும்பில் காலமானார்.

மாணவியரே! நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் அறிவோம். பெற்றதைப் புதைத்தவன் இழந்தான்; பயன்படுத்தியவன் பெருக்கினான். கிளார்க் இளமையில் தந்தையை இழந்தார். நடுவயதில் உடல் வலிமையை இழந்தார். எஞ்சியதை அவர் புதைத்து வைக்கவில்லை. கடல் ஆண்களுக்கே உரியது என்றும் எண்ணிவிடாதீர்கள். பாம்பன் பகுதிப் பெண்கள் இன்றும் மூச்சடக்கி மூழ்கிப் பாசி சேகரித்துக் குடும்பம் காக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உள்ளது. பூம்புகாருக்கு எதிரே கடலடியில் ஆய்வாளர்கள் மூழ்கித் தேடியிருக்கிறார்கள். இவை யாவும் நம் நகரியத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லை. அறியும் ஆவலும் தளராத உள்ளமும் உடையோருக்கு வானமும் கடலும் ஒன்றே. உங்களுள் ஒருத்தியேனும் நாளை அவ்வாழத்தில் இறங்கி, நாம் அறியாத ஒன்றைக் கொண்டுவருவாளாக!